புத்தாண்டுப் பழக்கங்கள்: நீலகிரி, பழனி மலைப் பக்கம் இருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

உதகை, குன்னூர், கோத்தகிரி, கூடலூர், கொடைக்கானல் பக்கத்திலிருந்து ஆண்டுக் கடைசியில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறோம். புத்தாண்டுப் பழக்கங்களைப் பற்றி வரும் அறிவுரைகள் பெரும்பாலும் சமவெளிக்காரர்களை மனதில் வைத்துச் சொல்லப்பட்டவை. காலை 5 மணிக்கு எழு, பச்சைத் தண்ணீரில் குளி, வெளியே போய் ஓடு என்பார்கள். உதகையின் 2,240 மீட்டர் உயரத்தில், புல்லெல்லாம் உறைபனி படிந்து வெளுத்துக் கிடக்கும் காலையில் இதை அப்படியே செய்ய முயன்றால் பத்து நாளில் விட்டுப்போகும். அதற்கு உங்கள் மன உறுதியைக் குறை சொல்ல வேண்டாம். மலைக்கு ஒத்துவராத திட்டத்தை எடுத்துக்கொண்டதுதான் காரணம்.

ஜனவரி 1-ஆம் தேதியே தொடங்கியாக வேண்டுமா?

தொடங்கலாம். ஆனால் அன்று தொடங்குவது வீட்டுக்குள் செய்யும் பழக்கமாக இருக்கட்டும். ஜனவரியில் உதகையில் சூரியன் எழும்போது மணி 6.40 தாண்டிவிடும். கிழக்கே மலை மறைக்கும் ஊர்களில் வெயில் முற்றத்துக்கு வர 8 மணிகூட ஆகும். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை உறைபனிக் காலம். இந்த நாட்களில் விடியற்காலை வெளிவேலையைப் புதிதாகத் தொடங்கினால், வருஷத்திலேயே கஷ்டமான நேரத்தைத் தேர்ந்தெடுத்ததாக ஆகும்.

நாங்கள் சொல்வது இப்படி. படிப்பு, கணக்கெழுதுவது, சர்க்கரையைக் குறைப்பது, சேமிப்பு எல்லாம் ஜனவரி 1-லிருந்து. போகிக்கு வீட்டை ஒழித்துச் சுத்தம் செய்யும்போது பழக்கங்களுக்கு இடம் ஒதுக்குங்கள்: நடைக்கான ஷூ வைக்க வாசல் ஓரம், நோட்டு வைக்க ஒரு தட்டு, போன் சார்ஜ் போட அடுப்படி. நடை, தோட்டவேலை மாதிரி வெளியே செய்யும் பழக்கங்களை மாசி பிறந்ததும் எடுத்துக்கொள்ளலாம். அதற்குள் காலை வெளிச்சமும் கூடும், பனியும் குறையும்.

21 நாள் விடாமல் செய்தால் பழக்கமாகிவிடும் என்கிறார்களே?

அதை நம்பி 22-ஆம் நாள் ஏமாறாதீர்கள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலியும் உடன் பணியாற்றியவர்களும் 96 பேரை 12 வாரம் கவனித்து 2009-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் தானாக வர ஆன காலத்தின் நடுமதிப்பு 66 நாள். ஆளுக்கு ஆள் அது 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபட்டது. ஒரு டம்ளர் தண்ணீர் குடிப்பது போன்ற எளிய செயல் சீக்கிரம் ஒட்டிக்கொண்டது, உடற்பயிற்சிக்கு அதிக நாள் ஆனது.

ஜனவரி 1-லிருந்து எண்ணினால் 66-ஆம் நாள் மார்ச் 7. தை முதல் நாளிலிருந்து எண்ணினால் மார்ச் 20-ஐ ஒட்டி வரும். அதுவரை தினமும் நினைவுபடுத்திக்கொண்டுதான் செய்ய வேண்டியிருக்கும். அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பழக்கம் உருவாவது கெடவில்லை. ஒரு நாள் தவறியதும் “எல்லாம் போச்சு” என்று கைவிடுகிறவர்களுக்காகத்தான் இதைச் சொல்கிறோம்.

எந்த நேரம் நல்லது? காலையா மாலையா?

நேரத்தைக் கேட்காதீர்கள், எந்த வேலைக்குப் பிறகு என்று கேளுங்கள். இங்கே சொல்லும் பதில்களில் ஒன்றை மட்டும்தான் எடுத்துக்கொள்ள முடியும் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். மலையில் கடிகாரம் நிலையாக நிற்பதில்லை. ஒரு நாள் மேகமூட்டம், ஒரு நாள் கரண்ட் இல்லை, ஒரு நாள் மரம் விழுந்து பஸ் ஒரு மணி நேரம் தாமதம். “காலை 6.15-க்குப் படிப்பேன்” என்று எழுதி வைத்தால் 6.15 தவறியதும் படிப்பும் தவறும். ஆனால் பால் காய்ச்சுவது, வாசல் தெளிப்பது, கொழுந்து எடை போடுவது, பிள்ளையைப் பள்ளி வண்டியில் ஏற்றுவது எல்லாம் நேரம் முன்பின் ஆனாலும் நடந்தே தீரும். புதுப் பழக்கத்தை அதோடு கட்டுங்கள்.

ஒரு துண்டுத் தாளில் ஒரே வரியாக எழுதுங்கள்: “பால் அடுப்பில் ஏறியதும், சன்னலோரம் நின்று, இரண்டு நிமிடம் தோளும் முதுகும் நீட்டுவேன்.” எதற்குப் பிறகு, எங்கே, என்ன, எவ்வளவு என்ற நான்கும் அதில் இருக்க வேண்டும்.

இதில் பெரும்பாலும் தவறுவது முதல் பகுதி. “சாப்பிட்ட பிறகு” என்று எழுதினால் அது தளர்வான முடிச்சு. சாப்பிட்ட பிறகு டிவி, போன், பேச்சு என்று எதுவும் வரலாம். “தட்டைக் கழுவிக் கவிழ்த்ததும்” என்று எழுதுங்கள். கை ஈரமாக இருக்கும்போதே அடுத்த வேலை நினைவுக்கு வர வேண்டும். இரண்டாவது தவறு அளவு. முதல் இரண்டு வாரம், உடம்பு முடியாத நாளிலும் செய்யக்கூடிய அளவே போதும். அரை மணி நேரம் படிக்க நினைப்பவர் ஒரு பக்கத்தில் தொடங்கலாம்.

குளிரில் கம்பளியை விட்டு எழவே முடியவில்லை. என்ன செய்வது?

எழுவதைத் தடுப்பது பெரும்பாலும் அறைக் குளிர் அல்ல. கம்பளிச் சூட்டிலிருந்து குளிர்ந்த துணிக்கு மாறும் அந்த அரை நிமிடம்தான். அதை முந்தின இரவே சரிசெய்யலாம். ஸ்வெட்டர், சாக்ஸ், குல்லா மூன்றையும் மடித்துக் கம்பளிக்குள்ளேயே கால்மாட்டில் வைத்துத் தூங்குங்கள். காலையில் அவை உடம்புச் சூட்டில் வெதுவெதுப்பாக இருக்கும். படுத்தபடியே சாக்ஸ் மாட்டி, உட்கார்ந்து ஸ்வெட்டர் போட்டு, அதன் பிறகு காலைத் தரையில் வையுங்கள். கட்டிலோரம் ஒரு சாக்கோ மிதியடியோ கிடக்கட்டும். சிமெண்டுத் தரை காலில் பட்டால் மறுபடி படுக்கத்தான் தோன்றும்.

போன் படுக்கைக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும். கம்பளிக்குள் போன் பார்க்கும் காலையில் முக்கால் மணி நேரம் போவது தெரியாது. அலாரத்துக்குத் தனியாக ஒரு மேசைக் கடிகாரம் வாங்கினால் போதும். ஃப்ளாஸ்கில் இரவே வெந்நீர் ஊற்றி வைத்தால் எழுந்ததும் ஒரு டம்ளர் குடிக்கலாம். குளிரில் தாகம் தெரியாது, அதனால் தண்ணீர் குடிப்பது தானாகவே குறைந்துபோகும்.

ஒரு எச்சரிக்கை. அறையைச் சூடாக்கக் கரி அடுப்பையோ கனன்ற கரி போட்ட சட்டியையோ வைத்துக் கதவைச் சாத்தித் தூங்கவே கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலி, குமட்டல், மயக்கம் என்று தொடங்கி, தூக்கத்திலேயே உயிர் போகும். புகை வராத கரிதான் என்பதால் ஆபத்து குறைவதில்லை. குளிர் காய்ந்தால் சன்னல் திறந்திருக்கட்டும், படுக்கும் முன் நெருப்பை வெளியே கொண்டுபோய் அணைத்துவிடுங்கள்.

காலை நடையை எப்படித் தொடங்குவது?

வெளிச்சம் வந்த பிறகு மட்டும். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் கரடி, எல்லா இடத்திலும் காட்டுமாடு. கொடைக்கானலில் காட்டுமாடு தெருவுக்குள்ளேயே நிற்கும். விடிவதற்கு முன்பும் இருட்டிய பிறகும் அவை நடமாடும் நேரம். தேயிலைப் புதருக்கு நடுவே போகும் குறுக்குப் பாதையை விட்டுத் தார் ரோட்டில் நடங்கள். காதில் எதையும் மாட்ட வேண்டாம். குப்பை கொட்டும் இடத்தை விட்டு விலகிப் போங்கள், கரடி அங்கேதான் வரும். காட்டுமாட்டைக் கண்டால் நின்று, அதற்கு வழி விட்டு, மெதுவாகப் பின்வாங்குங்கள். தாய்க்கும் கன்றுக்கும் நடுவில் போகக் கூடாது. கூட வரும் நாயைச் சங்கிலியில் பிடித்துக்கொள்ளுங்கள். நாய் குரைத்துத் துரத்தினால் மிரண்ட மாடு நம் பக்கம்தான் திரும்பும்.

அளவைப் பார்ப்போம். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரம் குறைந்தது 150 நிமிடம் மிதமான உழைப்பு என்கிறது. அப்படிப் பார்த்தால் ஐந்து நாள், நாளுக்கு 30 நிமிடம். மிதம் என்றால் பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. மலையில் ஏற்றத்தில் நடந்தால் இந்த அளவு சீக்கிரமே வந்துவிடும், வேகமாக நடக்க வேண்டியதில்லை. முதலில் ஏறுவதும் பிறகு இறங்குவதுமாகப் பாதையை வைத்துக்கொள்ளுங்கள். முழங்காலை வலிக்க வைப்பது இறக்கம்தான், அதனால் இறங்கும்போது அடியைச் சின்னதாக வையுங்கள். கிளம்பும் முன் வீட்டுக்குள் ஐந்து நிமிடம் கையும் காலும் அசைத்துச் சூடேற்றிக்கொள்ளுங்கள். நெஞ்சு நோய், ஆஸ்துமா உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டு, வெயில் ஏறிய பிறகு போகட்டும்.

செய்ததைக் குறித்துவைக்க எந்த ஆப் நல்லது?

ஆப் வேண்டாம். வீட்டில் ஏற்கெனவே தொங்கும் தினசரிக் காலண்டரே போதும். யாராவது ஒருவர் தினமும் தாள் கிழிப்பார், அதுவே நல்ல முடிச்சு. காலண்டர் ஆணியிலேயே நூல் கட்டி ஒரு பென்சிலைத் தொங்கவிடுங்கள். மழைக்காலத்தில் தாள் ஈரம் குடித்து நமுத்துப்போகும், பேனா மை பரவும். பென்சிலுக்கு அந்தத் தொல்லை இல்லை. இரவு படுக்கப் போகும்போது அன்றைய தேதி எண்ணின் மேல் ஒரு கோடு. காலையில் கிழிக்கும்போது, கோடு உள்ள தாளை ஒரு கிளிப்பில் மாட்டுங்கள், கோடு இல்லாத தாளை அடுப்பில் போடுங்கள். மார்ச் மாதம் அந்தக் கிளிப்பில் கை நிறையத் தாள் இருக்கும். எத்தனை நாள் தவறியது என்பது கண்ணில் படாது, எத்தனை நாள் செய்தோம் என்பது மட்டும் கையில் கனக்கும்.

கோடு இல்லாத தாள் தொடர்ந்து இரண்டு வந்தால் மட்டும் கவனியுங்கள். மூன்றாம் நாள் எப்படியாவது மிகச் சின்ன அளவிலாவது செய்துவிட வேண்டும்.

காலை நேரமெல்லாம் சமையலிலேயே போகிறது. பழக்கத்துக்கு நேரம் எங்கே?

நியாயமான கேள்வி. உதகை, கொடைக்கானல் உயரத்தில் தண்ணீர் சுமார் 92-93 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதனால் திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகாமல் நின்றுகொண்டே இருக்கும். குக்கர்தான் வழி. கொண்டைக்கடலை, ராஜ்மா, உள்ளூர் அவரை எல்லாம் சமவெளியில் 8 மணி நேரம் ஊறினால் இங்கே குளிர்காலத்தில் 12 மணி நேரம் வேண்டும். இரவுச் சாப்பாட்டுக்கு உட்காரும் முன்பே வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டுவிடுங்கள்.

மாவும் அப்படித்தான். ஜனவரியில் மாலை அரைத்த மாவு காலையில் பொங்கியிருக்காது. மதியத்துக்குள் அரைத்துவிடுங்கள். நான்கு கப் அரிசிக்கு ஒரு டீஸ்பூன் வெந்தயம் சேர்த்து, வெதுவெதுப்பான தண்ணீரில் அரையுங்கள். உப்பு புளிப்பதைத் தாமதப்படுத்தும், அதனால் பொங்கிய பிறகு போடுங்கள். பாத்திரத்தை மூடிக் கம்பளியில் சுற்றி, வெந்நீர் ஊற்றிய பெரிய அண்டாவுக்குள் ஒரு மணையின் மேல் வைத்து அண்டாவையும் மூடினால் விடிவதற்குள் மாவு ஏறிவிடும். இரவில் ஊறவைத்தல், மதியத்தில் அரைத்தல் என்ற இந்த இரண்டும் பழகினால் காலையில் அரை மணி நேரம் கைக்கு வரும். வீட்டில் ஒருவர் தலையிலேயே இது விழாமல், ஊறவைக்கும் வேலையை இன்னொருவர் எடுத்துக்கொள்ளட்டும்.

டீயைக் குறைக்க வேண்டுமா?

தேயிலை ஊரில் டீயை விடச் சொல்ல மாட்டோம். குறைக்க வேண்டியது சர்க்கரை. நாளுக்கு ஐந்து டீ, டீக்கு இரண்டு ஸ்பூன், ஸ்பூனுக்கு 4 கிராம் என்றால் டீயிலேயே 40 கிராம். உலக சுகாதார நிறுவனத்தின் மேல் வரம்பு சுமார் 50 கிராம், 25-க்குள் இருந்தால் இன்னும் நல்லது. இரண்டு வாரத்துக்கு அரை ஸ்பூன் வீதம் குறையுங்கள், நாக்கு பழகிவிடும். ஒரேயடியாக நிறுத்தியவர்கள் நான்காம் நாள் பிஸ்கட்டில் அதை ஈடுகட்டுகிறார்கள்.

தூக்கம் வராதவர்கள் கடைசி டீயை 4 மணியோடு நிறுத்துங்கள். டீயில் உள்ள காஃபினில் பாதி உடம்பை விட்டுப் போகவே 5 மணி நேரம் போல ஆகும். மாலை 6 மணிக்குக் குடித்தால் 11 மணிக்கும் பாதி உள்ளே இருக்கும்.

கொழுந்துப் பணம் மாதம் ஒரு மாதிரி வருகிறது. சேமிப்புப் பழக்கம் எப்படி?

சிறு தேயிலை விவசாயிகள் செய்யும் தவறு, நல்ல மாதத்தைப் பார்த்துச் சேமிப்புத் தொகையை முடிவு செய்வது. பனியில் கொழுந்து கருகி, மாசி பங்குனி வறட்சியில் வரத்து இறங்கியதும் தவணை தவறும். எனவே போன வருஷத்து ரசீதுகளை எடுத்து, மிகக் குறைவாகப் பணம் வந்த மாதத்தைக் கண்டுபிடியுங்கள். அந்த மாதத்திலும் வலிக்காமல் எடுத்து வைக்கக்கூடிய தொகை எதுவோ அதுதான் உங்கள் தவணை.

அஞ்சலகத் தொடர் வைப்பு மாதம் 100 ரூபாயிலிருந்து, 5 வருஷத்துக்கு. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. மாதத்தின் 15-ஆம் தேதிக்குள் கணக்குத் தொடங்கினால் ஒவ்வொரு மாதமும் 15-க்குள் கட்ட வேண்டும், 16-ஆம் தேதியிலிருந்து தொடங்கினால் மாதக் கடைசி வேலை நாள் வரை கட்டலாம். பேக்டரியிலிருந்து உங்களுக்கு எந்தத் தேதியில் பணம் வருகிறதோ அதைப் பார்த்துத் தொடங்குங்கள். நான்கு தவணைக்கு மேல் தவறினால் கணக்கு நின்றுபோகும். நல்ல மாதத்தில் மிஞ்சுவதைத் தனியாகச் சாதாரணச் சேமிப்புக் கணக்கில் போடுங்கள். செடியைத் தாழ வெட்டிக் கவாத்து செய்த பிறகு சில மாதம் அந்தப் பகுதியில் பறிப்பு இருக்காது, அப்போது கைகொடுப்பது இந்தப் பணம்தான்.

நாள் முழுக்கத் தோட்டத்தில் நிற்கிறோம். எங்களுக்கு ஏற்ற பழக்கம் எது?

எடை போடும் நேரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். கூடையையோ சாக்கையோ இறக்கியதும் இடுப்பில் கை வைத்து மெதுவாகப் பின்னால் சாய்வது ஐந்து முறை, தோளைச் சுழற்றுவது ஐந்து முறை, பிறகு ஒரு டம்ளர் தண்ணீர். ஒரு நிமிட வேலைதான். குனிந்தும் சுமந்தும் இருந்த முதுகுக்கு அது தேவை. டிரைவர்களுக்குக் காலையில் ஆயிலும் தண்ணீரும் பார்க்கும் நேரம் அதே போல. பானெட்டை மூடியதும் அன்றைய டீசல் செலவை நோட்டில் எழுதிவிட்டால் மாதக் கடைசியில் கணக்குக்குத் தவிக்க வேண்டாம்.

மாலையில் படிக்க உட்கார்ந்தால் தூக்கம் வருகிறது.

கட்டிலில் உட்காராதீர்கள். நாற்காலி, காலுக்கடியில் மடித்த சாக்கு அல்லது அட்டை, காலில் சாக்ஸ், மடியில் வெந்நீர்ப் பை. பையில் மூன்றில் இரண்டு பங்கு மட்டும் தண்ணீர் ஊற்றி, காற்றை அழுத்தி வெளியேற்றி மூடுங்கள், கொதிக்கும் தண்ணீர் வேண்டாம். 25 நிமிடம் படிப்பு, 5 நிமிடம் எழுந்து நடப்பது. பன்னிரண்டாம் வகுப்புக்காரர்களும் அரசுத் தேர்வு எழுதுகிறவர்களும் கடைசிப் பத்து நிமிடத்தில் புத்தகத்தை மூடிவிட்டு, படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பாருங்கள். திரும்ப வாசிப்பதைவிட அது நன்றாக நிற்கும்.

“இனி இதைச் செய்யமாட்டேன்” என்று முடிவெடுப்பது சரியா?

“இதைச் செய்வேன்” என்று மாற்றிக்கொள்ளுங்கள். சுவீடனில் 1,066 பேரை ஒரு வருஷம் தொடர்ந்து 2020-இல் வெளியான ஆய்வில், ஒன்றைச் செய்வதாக முடிவெடுத்தவர்களில் 58.9 சதவீதம் பேரும், ஒன்றை விடுவதாக முடிவெடுத்தவர்களில் 47.1 சதவீதம் பேரும் வெற்றி பெற்றதாகச் சொன்னார்கள். “இரவில் போன் பார்க்கமாட்டேன்” என்பதை “தட்டைக் கவிழ்த்ததும் போனை அடுப்படியில் சார்ஜ் போடுவேன்” என்று எழுதலாம்.

வேலை கூடினால் மட்டும் போதுமா? மனசுக்கு நிறைவு வேண்டாமா?

வேண்டும். அதற்கும் முடிச்சுப் போட்டால்தான் நடக்கும். வாரச் சந்தைக்குப் பட்டியல் எழுதும் நேரத்தைப் பயன்படுத்துங்கள். கொடைக்கானலில் அது ஞாயிற்றுக்கிழமை. பட்டியலின் பின்பக்கத்தில் மூன்று வரி: இந்த வாரம் எது நன்றாக நடந்தது, எது இடித்தது, யாரிடம் பேச வேண்டும். மூன்றாவது வரியை விட்டுவிடாதீர்கள். பிள்ளைகள் கோவையிலும் திருப்பூரிலும் வேலைக்குப் போய்விட, மலையில் தனியாக இருக்கும் பெரியவர்கள் நிறையப் பேர். வாரம் ஒரு சித்தியையோ மாமாவையோ போய்ப் பார்த்து அரை மணி நேரம் வெயிலில் உட்கார்ந்து பேசுவது இரண்டு பேருக்கும் மருந்து.

மழையிலும் சீசனிலும் எல்லாம் விட்டுப்போகிறதே?

விட்டுப்போகும் மாதம் எது என்று முன்பே தெரியும், அதனால் முன்பே இரண்டு அளவு எழுதுங்கள்: முழு அளவு, குறைந்த அளவு. கூடலூர், பந்தலூர்ப் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானலில் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்கு மழைதான் அதிகம் தடுக்கும். அப்போது நடைக்குப் பதிலாக வாசற்படியில் பத்து நிமிடம் ஏறி இறங்குங்கள். படி பாசி பிடித்திருந்தால் வீட்டுக்குள்ளேயே, நாற்காலியில் உட்கார்ந்து எழுவது 15 முறை, இரண்டு சுற்று.

தங்கும் விடுதி, கடை, டாக்ஸி வைத்திருப்பவர்களுக்கு ஏப்ரல், மே இரண்டும் போய்விடும். அந்த இரண்டு மாதம் ஒரே ஒரு பழக்கத்தை மட்டும் குறைந்த அளவில் வைத்துக்கொண்டு மற்றதை ஒத்திவையுங்கள். ஹெத்தையம்மன் பண்டிகை, ஊர்த் திருவிழா, கல்யாண நாட்களுக்கும் இதேதான்.

ஜனவரியில் தொடங்கியது நின்றுவிட்டது. சித்திரை 1-ல் மறுபடி தொடங்கலாமா?

சீசன் தொழிலில் இல்லாதவர்களுக்கு ஏப்ரல் 14 நல்ல நாள். வெயிலும் வெளிச்சமும் உண்டு, பனி இல்லை. சீசன் தொழிலில் இருப்பவர்கள் பள்ளி திறந்து கூட்டம் குறையும் ஜூன் மாதத்துக்குத் தள்ளிவைக்கலாம். எப்போது தொடங்கினாலும், முன்பு எந்த முடிச்சு அவிழ்ந்தது என்று பார்த்துவிட்டு, அந்த ஒரு வரியை மாற்றி எழுதிய பிறகு தொடங்குங்கள். பழைய தாளையே மறுபடி ஒட்டினால் அது போன தடவை அவிழ்ந்த அதே இடத்தில்தான் அவிழும்.